வரைபடத்தில் எங்கள் வீடு

கணவனின் அடி பொறுக்காமல் தங்கை தன் மகளோடு மதுரையிலிருந்து டெல்லி மோதி பாக்கில் உள்ள என் குவார்ட்டர்ஸுக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது என நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து தங்கைக்கு ஒரு படம் வந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், நம்மூர் மளிகைக் கடை வாசலில், முறுக்குப் பொட்டலத்தோடு குழந்தை நிற்கிறாள். அன்று காலை போட்டிருந்த அதே சிவப்பு ஸ்வெட்டர்.

"அக்கா, அவரு இங்கதான் இருக்காரு. நம்ம பின்னாடியே வந்திருக்காரு."

கதவைத் தாழிட்டேன். திரைச்சீலை ஓரமாகத் தெருவைப் பார்த்தேன். காய்கறி வண்டிக்காரரைத் தவிர யாருமில்லை. அந்த வண்டிக்காரரைப் பார்த்தும்கூடப் பயமாக இருந்தது. படத்தை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது.

"இது நீ எடுத்த படம் இல்ல?"

அவள் போனில் தேடினாள். அதே படம்தான். அவள் போனில் இருந்தது, கல்யாணமான புதிதில் அவர் தொடங்கிக் கொடுத்த கணக்கு. அவள் எடுக்கும் ஒவ்வொரு படமும் தானாக அதில் ஏறி, அவர் போனிலும் தெரிந்திருக்கிறது.

எல்லாவற்றையும் என் மடிக்கணினியில் இறக்கிவிட்டு, அந்தக் கணக்கைப் போனிலிருந்து எடுத்தோம். படங்களை அழித்துவிடவும் முடியாது. அவளுடைய காயங்களின் படங்கள் தேதியோடு வக்கீலுக்கு வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களில் அவற்றைத் தேடிப் பிரிக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது.

முதலில் பார்த்தது வசதியானது, போனிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ஒரு கணினியை எப்போதும் வலையில் ஓடவிட வேண்டும்.

"நெட்டுல இருக்கிற எதுவும் வேணாம்க்கா."

அடுத்தது இணையமே இல்லாமல் ஓடும். கணக்குத் தொடங்க வேண்டாம். திறமூல மென்பொருள், யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம் என்றேன். அவள் முகம் வெளுத்தது.

"யாரு வேணாலுமா? நம்ம படத்தையுமா?"

"படத்தை இல்லடி. அதை எப்படி எழுதியிருக்காங்கங்கிறத. திருட்டுத்தனமா எதையாவது அனுப்புனா யாராச்சும் கண்டுபிடிச்சிருவாங்க."

வைஃபையை அணைத்துவிட்டுத்தான் அதைத் திறந்தேன். படங்கள் எடுத்த இடங்களை, முன்பே இறக்கிவைத்திருந்த வரைபடத்தில் அது காட்டியது. எங்கள் வீட்டின் மேல் ஒரு குவியல். குழந்தையின் பள்ளி வாசலில் இன்னொன்று. இதையெல்லாம் அவரும் பார்த்திருப்பார்.

வக்கீலுக்கான மூலப் படங்களைத் தொடாமல் தனி டிஸ்க்கில் வைத்தோம். மற்றவற்றிலிருந்து இடக்குறிப்பை நீக்கினேன். பிறகு முகங்களைச் சேர்த்து அடுக்கிய மென்பொருள், இவர் யார் என்று கேட்டு அவர் முகத்தைக் காட்டியது.

"பேரு போடணுமாக்கா?"

"வேணாம்னா விடு."

அவள் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு அவர் பெயரைத் தட்டச்சு செய்தாள். அந்தப் பெயரின் கீழ் வந்த படங்களையெல்லாம் குழந்தை கண்ணில் படாத கோப்புறைக்கு மாற்றினாள்.

அவர் வந்து கேட்டால் குழந்தையை அனுப்பக் கூடாது என்று மறுநாளே பள்ளியில் போய்ச் சொல்லிவைத்தோம். அவர் வரவில்லை. வழக்கு தொடங்கிய பின் செய்திகளும் நின்றன. அவர் மதுரையை விட்டு நகரவே இல்லை என்று வக்கீல் சொன்னபோது தங்கை நிம்மதியாக மூச்சுவிட்டாள். எனக்கு அது முடியவில்லை. அங்கே உட்கார்ந்தபடியே எங்கள் நாட்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது.