உப்புத் தண்ணீரில் பன்னிரண்டு தவளைகள்

அன்புவழிபுரத்தில் உயர்தரப் பரீட்சைக்கான உயிரியல் ரியூசன் வகுப்பு நடத்துகிறேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். என் வகுப்பில் இடம் கிடைப்பதும் லேசில்லை. அந்தத் திமிரும் உண்டு.

அன்று தவளை வெட்டிப் பார்க்கும் பாடம். குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளை ஒருத்தி, தங்கள் ஊர் வயலில் பிடித்து வருவதாக ஏற்றிருந்தாள். அவள் கொண்டுவந்த வாளியைத் திறந்தேன். பன்னிரண்டும் செத்து விறைத்துக் கிடந்தன.

“என்ன தண்ணி இது?”

“கடல் தண்ணி சேர். வாப்பா ஊத்தித் தந்தவர். நண்டெல்லாம் அதிலதான் உசிரோட கிடக்கும். தவளை மீன்ல இருந்து வந்த எண்டு நீங்கதானே சேர் சொன்னீங்க.”

சொன்னது நான்தான். மீன் வழியில் வந்த ஒரு கூட்டம் கரையேறியது, அதில் ஒரு கிளை தவளை, இன்னொரு கிளையில் பல்லியும் பறவையும் நாமும் என்று கரும்பலகையில் படமே போட்டேன். தவளை ஈரத்தோலாலும் மூச்சு விடும், உப்புத் தண்ணீர் அந்தத் தோல் வழியே உடம்பின் நீரை உறிஞ்சிக் கொன்றுவிடும் என்பதைத்தான் சொல்லவில்லை. பிழை என்னுடையது என்று உடனே தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

“இந்த மூளைக்கு டொக்டர் கனவு ஒரு கேடா? போய் வாப்பாவோட நண்டு பிடி. இனி இங்க வர வேண்டாம்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அடுத்த சனிக்கிழமை தகப்பன் வாசலில் வந்து நின்றார். கையில் அதே வாளி. பின்னால் அவள், புத்தகப் பையோடு.

“என்ட பிழை சேர், புள்ளைக்கு ஒண்டும் தெரியா. இது கிணத்துத் தண்ணி. எல்லாம் உசிரோட இருக்கு. புள்ளய ஒருக்கா உள்ள எடுங்க.”

“பாப்பம், நில்லுங்கோ” என்று வாளியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

நல்ல தவளைகள். நெஞ்சைத் திறந்த பிறகும் அந்த மூன்று அறை இதயம் வெகுநேரம் துடித்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். மீனுக்கு இரண்டு அறை, நமக்கு நான்கு என்று அவசரமில்லாமல் ஆறுதலாக விளக்கினேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்துக் கதவைத் திறந்தேன். இருவரும் வெயிலில் அதே இடத்தில் நின்றார்கள். இந்த வருடம் இடமில்லை என்று சொல்லி, கழுவிய வாளியை அவர் கையில் கொடுத்தேன்.