ஆமென் பாடாத புதன்கிழமை

என் அக்கா தியோமினாரைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய தொண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சுமத்ராவில், பாலிகே சந்தையில் முப்பது வருடம் கெண்டை மீன் விற்ற தொண்டை அது. அவள் விலை சொன்னால் தோபா ஏரியின் அக்கரையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான் என்று கேலி செய்வோம். மூத்த மகன் பேரை வைத்து ஊர் அவளை லுஹுத்தம்மா என்று கூப்பிடும். எங்கள் சபையில் அவள் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வந்தால் போதகரே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துவது அவள் பொறுப்பு. வாரம் ஒரு வீடு, முறை வைத்து. பதினோரு வருடமாக நடத்தினாள். ஆரம்பத்தில் இருபது பேர் வந்தோம். பிறகு இளசுகள் வேலை தேடி மேதானுக்கும் ஜகார்த்தாவுக்கும் போனார்கள். மிச்சமிருந்த ஆண்கள் மங்காபுலின் கள்ளுக்கடைக்குப் போனோம். நானும்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது? கடைசியில் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது ரேன்தா என்ற விதவை ஒருத்திதான். அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. அதனால்தான் வருகிறாள் என்று கடையில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அது அக்கா காதுக்குப் போனது. அவள் சண்டைக்கு வரவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமை என் வீட்டு முறை. மனைவி பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ரேன்தாவுக்குக் காய்ச்சல். நான் வீட்டுக்கு எதிரிலேயே, கடையில், கையில் கோப்பையோடு இருந்தேன். அக்கா வந்தாள், என் வீட்டுத் திண்ணையில் பாயை விரித்தாள், தனியாக உட்கார்ந்தாள்.

"டேய் பர்லின், உங்கக்கா ஒத்தையில உக்காந்திருக்கா," என்றான் மங்காபுல்.

"பாத்துட்டுப் போயிடுவா. நீ ஊத்து."

அவள் போகவில்லை. பாட்டை எடுத்தாள்.

எங்கள் பதாக் ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாலு குரலில் பாடும் ஞானப்பாட்டில் மேல்குரல் மட்டும் தனியாகக் கேட்டால், மற்றக் குரல்களைச் சேர்க்காமல் எங்களால் சும்மா இருக்க முடியாது. கூடக் குடித்துக்கொண்டிருந்த லாரிக்கார மரோலோப், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே டெனரைப் பிடித்தான். மங்காபுல் பொய்க்குரலில், பெண்கள் பாடும் ஆல்டோ. என் வாயிலிருந்து அடிக்குரலான பேஸ் தானாக வந்துவிட்டது. முதல் சரணம் முடிந்ததும்தான் ஒருவரையொருவர் பார்த்துத் திருட்டு முழி முழித்தோம்.

எதிர் வீட்டிலிருந்து குரல் வந்தது. "ரெண்டாம் சரணம். எழுந்து நின்னு."

எழுந்து நின்றோம்.

பாட்டு முடிந்து அக்கா ஜெபித்தாள். "ஆண்டவரே, என்னால முடியல. பதினோரு வருசமா வீடு வீடா போறேன். ரேன்தாவுக்குக் காது கேக்காது. உமக்குக் கேக்குதான்னும் தெரியல. கூடப்பொறந்தவனே என்னை வச்சுக் கடையில சிரிப்பு காட்டுறான். ஞாயித்துக்கிழமை அங்கியை மடிச்சுப் போதகர் கையில குடுத்துடுறேன். உம்ம மேல கோவம் இல்ல. களைச்சுட்டேன். இயேசுவின் நாமத்தில்."

எங்கள் வழக்கப்படி ஜெபம் முடிந்தால் எல்லாரும் நாலு குரலில் மூன்று முறை ஆமென் பாட வேண்டும். பாடினால்தான் ஜெபம் முடிந்ததாகும். அதுவரை யாரும் உட்காரக்கூடாது. ஆனால் இந்த ஜெபத்துக்கு ஆமென் பாடினால் அவள் விலகலுக்கு நாங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்னடா, ஆமென் எங்க?" என்றாள் அக்கா.

மரோலோப் என்னை முழங்கையால் இடித்தான்.

"இதுக்கு ஆமென் கிடையாதுக்கா. வேற ஜெபம் பண்ணு," என்றேன்.

"பேஸ் பாடுறவன் ஜெபத்தை முடிவு பண்றானா?"

"பேஸ் இல்லாம நீ பாடு, பாப்போம்."

பாடிப் பார்த்தாள். முதல் ஆமெனிலேயே பாதியில் நின்றுவிட்டாள். நேரம் போனது. கள் குடிக்க பைக்கில் வந்த ஒருவன், கோப்பையும் கையுமாகக் கண்ணை மூடி நிற்கும் எங்களைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி அவனும் நின்றான்.

"கால் வலிக்குதுடா, உக்காரலாமா?" என்று முனகினான் மங்காபுல்.

"ஆமென் ஆகாம எப்படிடா உக்கார்றது?" என்றேன்.

கடைசியில் அக்கா தொண்டையைச் செருமினாள். "ஆண்டவரே, அந்த அங்கி விஷயத்தை மட்டும் விட்டுடும். மத்ததெல்லாம் சொன்னது சொன்னதுதான். என் தம்பி ஒரு கழுதை. அடுத்த புதன் மங்காபுல் வீட்டு முறை. இயேசுவின் நாமத்தில்."

மங்காபுல் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். அவனுக்கு வீடு என்று தனியாக எதுவும் இல்லை, அந்தக் கடைதான். ஆனால் அதற்குள் நாங்கள் ஆமெனைத் தொடங்கிவிட்டோம். இரண்டாவது ஆமெனில் என் சுருதி தப்பியது. மூன்றாவதைச் சரியாகப் பாடினேன்.

அடுத்த புதன் சரியாக ஐந்து மணிக்கு, பாயும் வேதாகமமுமாக அக்கா கள்ளுக்கடைக்குள் வந்தாள். கூடவே ரேன்தா. இரண்டு பேர் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார்கள். நாலு பேர் இருந்தோம். அக்கா முகம் போன வாரத்தைவிடச் சோர்ந்துதான் இருந்தது.

"களைப்பு போகலையாக்கா?" என்று கேட்டேன்.

"எங்க போகும்? அதையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன். தள்ளி உக்காரு."