அவர் எடுத்த அடைப்புக்குறிகள்

மேசை விளிம்பில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு கோடு, ஒரு வளைவு, ஒரு புள்ளி. பிடிக்கவில்லை போலிருக்கிறது, உள்ளங்கையால் அழிக்கிறார். பத்து வரி நிரலை ஒரே குறிக்குள் அடைத்துவிட வேண்டும் அவருக்கு. கூட்டலும் பெருக்கலும் ஊருக்கு; தமக்கு வேண்டிய ஆபரேட்டரை, அதாவது கணக்குக் குறியை, தாமே செய்துகொள்வார். அலுவலகத்தில் அவரைக் குறிக்காரர் என்றால்தான் தெரியும்.

"நீட்டி முழக்கினா அது புரோகிராம் இல்ல, புலம்பல்" என்பார்.

கண்ணாடிக் கூடங்களில் வளரும் நாற்றுகளுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடலாம் என்று கணக்கிடும் மென்பொருள் அந்த அலுவலகத்தினுடையது. வெயிலுக்குத் தக்கபடி நேரத்தைப் பெருக்க அவர் செய்த குறி ~~. கூட்டலுக்கு முன்னால் அதைத்தான் கணக்கிட வேண்டும் என்று தம் பங்கு நிரலான மாட்யூலில் விதியும் எழுதிவைத்திருந்தார்.

பக்கத்து இருக்கைப் பெண், பிள்ளை பெற்று வீட்டோடு சில வருடம் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள். இந்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். அந்தக் குறியைத் தன் மாட்யூலுக்குள் வரவழைத்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று அடைப்புக்குறி போட்டிருந்தாள். அவள் வீட்டுக்குப் போன பிறகு சரிபார்க்க உட்கார்ந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. "என்னத்துக்கு இத்தன வேலி? என் குறிக்குத் தெரியாதா?" என்று முனகிக்கொண்டே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அவளிடம் சொல்லவும் இல்லை.

குறிக்குத் தெரியவில்லை. அந்த முன்னுரிமை விதியையும் குறியோடு சேர்த்து மற்ற மாட்யூல்களுக்கு அனுப்ப அவர் மறந்திருந்தார். அவளுடைய மாட்யூலில் அது இடமிருந்து வலமாக, முதலில் கூட்டி, கூட்டியதையெல்லாம் பெருக்கித் தள்ளியது. பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை. தண்ணீர் மிஞ்சி ஒரு கூடத்து நாற்றெல்லாம் வேரழுகிச் சாய்ந்தன.

"ஒரு பிராக்கெட் போடத் தெரியாதா உங்களுக்கு?" கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மேலாளர் அவளைப் பிடித்துக்கொண்டார். "வேலை நிரந்தரம் பத்தியெல்லாம் அப்புறம் பேசலாம்."

"சாரி சார்" என்றாள் அவள்.

குறிக்காரருக்கு அந்த நொடியே உறைத்துவிட்டது. தாம் எடுத்ததுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் மேலாளர் அறைக்குப் போனார். போகாமல் இல்லை.

"என்ன சார்?" என்றார் மேலாளர்.

"இல்ல... ஏசி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. குறைக்கச் சொல்லுங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தார். இவ்வளவுதானா நாம் என்று தம் மேலேயே அருவருப்பாக இருந்தது. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டு அவள் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"பிராக்கெட் போட்டேன்னுதான் அண்ணா நெனச்சேன். மறந்திருக்கேன் போல. ஆளாளுக்குத் திட்டிட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் ஒண்ணும் சொல்லல. ரொம்ப தேங்க்ஸ்ணா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினார். அவள் எழுந்து போகும்வரை அதை மாட்டிக்கொள்ளவில்லை.