இரண்டாவது கியர்

சுவிஸ் நாட்டு மலைப்பாதையில் அந்த வாடகைக் காரைச் சுவரில் மோதியவன் நான். என் மச்சான் அலோசியஸ் அல்ல. இறக்கத்தில் காரை நியூட்ரலில் விட்டவன் நான். மோதி நின்ற பிறகு, ஒருவரும் காணாதபடி கியரை இரண்டில் போட்டவனும் நான்!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போனாலும் எனக்கு ஒன்றுமில்லை... ஆனால் போகமாட்டீர்கள். அடுத்தவனின் அழுக்கைப் பார்க்க யாருக்குத்தான் ஆசையில்லை?

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேசாலையிலிருந்து வவுனியாவுக்கு மீன் லொறி ஓட்டுகிறேன். முப்பது வருடமாக அதே பாதை, அதே ஐஸ் பெட்டிகள். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. கல்யாண வீட்டில்கூடக் கடைசிக் கதிரையில்தான் இருப்பேன்.

கூச்சக்காரனை உலகம் நல்லவன் என்று நம்புகிறது. என்ன மடத்தனம்! வாய் திறக்காதவனுக்கு உள்ளேயும் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் வாய் மூடியிருந்த நேரமெல்லாம் மனத்துக்குள் எல்லோரையும் ஏளனம் செய்துகொண்டிருந்தேன். முதலாளியை, பூசை வைக்கும் சுவாமியை, எனக்குத் தேத்தண்ணீர் தந்தவர்களை... எல்லோரிலும் மேலாக அலோசியஸை.

அவர் என் தங்கை றோசியின் புருஷன். கல்யாணம் கட்டி அவளையும் கூட்டிக்கொண்டு சுவிசுக்குப் போனவர். 'ஹோட்டலில் வேலை' என்று மட்டும் எழுதினார். எங்கள் ஊரார்தான் அவரை மனேச்சர் ஆக்கினார்கள். நானும் அப்படியே நம்பி, அவர்மேல் பொறாமைப்பட்டேன். கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருடத்துக்கு விசா எடுத்து என்னை அழைத்தார்கள். போய் இறங்கிய மூன்றாம் நாள் அந்த ஹோட்டலின் பின்பக்கத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். ஆவி பறக்கும் ஒரு அறை. மலைபோல் எச்சில் கோப்பைகள். சுவரில் ஒரு றப்பர் ஏப்ரன்.

"இதுதான் மச்சான் என்ர இடம்," என்றார் சிரித்துக்கொண்டு.

அவருக்கு வெட்கம் வரவில்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. கோப்பை கழுவுகிற இந்த மனிதனையா நான் இத்தனை வருடம் பெரிய ஆளென்று நினைத்திருந்தேன்! அன்றிலிருந்து அவர் என்ன செய்தாலும் எனக்கு இளக்காரம். கடைக்காரிக்கு மூன்று தரம் நன்றி சொல்லுவார். வெறுந்தெருவில், ஒரு வாகனமும் இல்லாத சந்தியில், சிவப்பு விளக்குக்குக் கைகட்டி நிற்பார்.

அவர்களிடம் கார் இல்லை. மலைக்கு அப்பால் இருக்கும் ஒரு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தார்கள். அதற்காக ஒரு நாளைக்குக் கார் வாடகைக்கு எடுத்தார். வாடகைக் கந்தோரில் இருந்த பெண் கடதாசியை நிரப்பிக்கொண்டே ஏதோ கேட்டாள். மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"வேற ஆரும் ஓட்டுவினமோ எண்டு கேக்கிறா. உங்கட பேரையும் போடட்டோ?"

நான் ஊரிலேயே சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு போனவன். அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் நீலக் கண்கள் என்மேல் விழுந்ததும் என் நாக்கு உள்ளே போய்விட்டது. வேண்டாமென்று தலையாட்டினேன். பார்த்தீர்களா... உள்ளே அவ்வளவு திமிர், வெளியே இவ்வளவு கோழைத்தனம்!

மலை உச்சிவரை அவர்தான் ஓட்டினார். மாட்டு வண்டி அதைவிட வேகமாகப் போகும். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார். உச்சியில் ஒரு தரிப்பிடம். றோசி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றினாள். சுற்றிவரப் பனி மலைகள். மக்கள் காசு கொடுத்து வந்து பார்க்கும் அந்தக் காட்சி எனக்கு உப்பளத்தில் குவித்த உப்புப்போலத்தான் இருந்தது.

"மச்சான், ஒரு புதினம் சொல்லட்டோ?" என்றார் அலோசியஸ். "அடுத்த மாசத்தோட கோப்பை கழுவுறது முடியுது. வயசு போன ஆக்கள் இருக்கிற இல்லம் ஒண்டில சாரதி வேலை தந்திருக்கினம். அவையளை ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறது."

"இருவத்தஞ்சு வருசம் தண்ணிக்குள்ள கிடந்து இவற்ற கை வெளிறிப் போச்சு அண்ணை," என்றாள் றோசி. "இனியாவது காயட்டும்."

"லைசன்ஸில ஒரு பிழையும் இருக்கக் கூடாதெண்டு சொன்னவை. என்ர சுத்தம்!" என்று அவர் நெஞ்சுப் பையைத் தட்டினார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எந்த மனிதனும் பட்டிருப்பான். எனக்கு என்ன வந்தது தெரியுமா? சிரிப்பு! ஆமைபோல் ஊரும் இவர் ஒரு சாரதியா? நான் முப்பது வருடம் ஓட்டியும் மீன் நாற்றம் தவிர எனக்கு என்ன கிடைத்தது? இவருக்குச் சாரதி வேலையாம்!

"நான் கொஞ்சம் ஓட்டட்டோ?" என்று கேட்டேன். அந்தப் பயணத்தில் நானாக வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் அது.

அவர் தயங்கினார். "ஓட்டலாம் மச்சான்... ஆனா கடதாசியில உங்கட பேர் இல்லையே."

"பேர் இருந்தாத்தானோ கார் உருளும்?" என்று றோசி குறுக்கே விழுந்தாள். "எங்கட அண்ணை லொறிக்காரன். நீங்கள் ஓட்டின ஓட்டத்துக்கு அவருக்கு நித்திரையே வந்திட்டுது. குடுங்கோ கார்த் திறப்பை!"

சிரித்துக்கொண்டே தந்தார். ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "இறக்கம் மச்சான். ரெண்டில விடுங்கோ. எஞ்சினே பிடிச்சுக்கொள்ளும். பிரேக்கை நம்பாதேங்கோ."

எனக்கா? கோப்பை கழுவுகிறவன் எனக்கா படிப்பிக்கிறான்?

எங்கள் பேசாலை இருக்கும் மன்னார்த் தீவில் மலை இல்லை. மேடு என்று சொல்ல எங்களுக்கு இருப்பது பாலம் ஒன்றுதான். டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், பாலத்தின் உச்சியில் கியரை எடுத்து நியூட்ரலில் விடுவேன். லொறி தன்பாட்டில் உருண்டு போகும். எந்த இடத்தில் போய் நிற்குமென்று முன்கூட்டியே கிளீனருக்குச் சொல்லுவேன், அந்த இடத்திலேயே நிற்கும். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அதை அந்த மலையில் காட்ட நினைத்தேன்! மூன்றாவது வளைவு தாண்டியதும் மெல்ல நியூட்ரலில் போட்டேன்.

கார் பஞ்சுபோல் இறங்கியது. நான் பிரேக்கை மிதித்து மிதித்து வளைவுகளை எடுத்தேன். பெருமையாக இருந்தது.

"என்ன, எஞ்சின் சத்தத்தையே காணேல்ல?" என்றார் மச்சான்.

"நல்ல கார்," என்றேன்.

கொஞ்ச நேரத்தில் றோசி, "என்னவோ எரியிற மணம்," என்றாள். அடுத்த மிதிப்பில் பிரேக் என் காலுக்குக் கீழே குழைந்து இறங்கியது.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். என்னிடம் நேரம் இருந்தது. வளைவு தூரத்தில்தான் தெரிந்தது. கியரைப் போட்டு எஞ்சினைக் கொண்டு காரைப் பிடித்திருக்கலாம். எனக்கு அது தெரியாதா? தெரியும்! ஆனால் கை கியருக்குப் போனால் மச்சான் பார்ப்பார். நியூட்ரலில் வந்திருக்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிடும். அவர் சொன்னது சரி, நான் செய்தது பிழை என்றாகிவிடும்... அந்த ஒரு வெட்கத்துக்காக நான் கையை எடுக்கவில்லை. மூன்று உயிரைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைப்பக்கத்துக் கற்சுவரில் காரை உரசினேன். அவர் இருந்த பக்கம் நசுங்கிக்கொண்டே போய் நின்றது.

றோசி கத்தி அழுதாள். மச்சான் நெற்றியைப் பொத்திக்கொண்டு பின்னால் திரும்பி, "றோசி, ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று அவளைத் தடவினார். விரல்களுக்கிடையில் இரத்தம் வழிந்தது. அவர் அப்படித் திரும்பியிருந்த நேரத்தில் நான் எஞ்சினை நிறுத்தினேன். கிளச்சை மிதித்தேன். கியரை இரண்டில் போட்டேன்.

அழுகிற தங்கையைப் பார்க்கவில்லை. இரத்தத்தைப் பார்க்கவில்லை. முதலில் கியர்!

"பிரேக் பிடிக்கேல்ல மச்சான்," என்றேன். அந்தப் பொய்க்கு மட்டும் நாக்கு நன்றாக வேலை செய்தது.

"கெதியா இறங்கி அங்கால நில்லுங்கோ," என்றார் அவர். "விசாவில வந்தனீங்கள். பேரும் இல்லை. பிடிச்சினமெண்டால் உங்களுக்குக் கரைச்சல். பிரேக் பழுதெண்டால் எனக்கு ஒண்டும் வராது. கார் குடுத்தவங்கள்தான் பதில் சொல்ல வேணும்."

நெற்றியில் றோசியின் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு சாரதி ஆசனத்துக்கு நகர்ந்து இருந்தார். பொலிஸ்காரன் வந்தான். எந்தக் கியரில் வந்தாய் என்று கேட்டிருக்கிறான். அவர் குனிந்து பார்த்து, 'இரண்டில்' என்று சொல்லியிருக்கிறார். நான் பாதையோரம் தலை குனிந்து நின்றேன். நல்ல மனிதன்போல.

மூன்று கிழமையில் பொலிஸிலிருந்து கடிதம் வந்தது. பிரேக்கில் பழுது இல்லையாம். ஓட்டிய விதத்தில்தான் எரிந்திருக்கிறதாம். இரண்டாவது கியரில் அந்த வேகம் வரவே வராதாம். ஆகவே சாரதி பொய் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாக எங்களுக்குத் தமிழில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். சந்தேகம் இல்லாத பார்வை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது! ஒரு துளி சந்தேகமாவது பட்டிருக்கக் கூடாதா?

"மச்சான், நீங்கள் ரெண்டிலதானே விட்டனீங்கள்?"

"ஓம்," என்றேன்.

"அப்ப அவங்களில பிழை. நான் எழுதிக் குடுக்கிறன்."

எழுதிக் கொடுத்தார். இரண்டாவது கியர்தான், நான் பொய் சொல்லவில்லை என்று. ஒருதரம் அல்ல, மூன்றுதரம். எழுத எழுத அவர் பெரிய பொய்யரானார். லைசன்ஸைப் பறித்தார்கள். இல்லத்து வேலை வேறொருவருக்குப் போனது. அதற்கு முன்பே நான் விமானம் ஏறிவிட்டேன். விமான நிலையத்தில் அவர் என் பெட்டியைத் தூக்கி வைத்தார்.

ஊரில் கதை எனக்கு முன்னே வந்து சேர்ந்திருந்தது. தேத்தண்ணீர்க் கடையில் ஒருவன் கேட்டான்: "என்ன, உங்கட சுவிஸ் மாப்பிள்ளை மலைக்கு முட்டுக் குடுத்தவராமே?"

"மன்னார்க் கழுதைக்கு மலை என்னத்துக்கடா?" என்றான் இன்னொருவன், எங்கள் தீவின் பேர்போன கழுதைகளை இழுத்து. கடை முழுக்கச் சிரிப்பு.

நான் மூலையில் இருந்து புன்னகை செய்தேன். "பாவம், மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை பிழையாய்ச் சொல்லுறானில்லை, பாருங்கோ," என்று கடைக்காரர் என்னை மெச்சினார்.

பெரிய வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். பூசைக்கு வராததைச் சொன்னேன். கிளீனரைத் தூஷணத்தால் ஏசியதைச் சொன்னேன். சுவாமி ஒரு செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். கடவுளையும் ஏமாற்றிவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினேன். உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு என் மச்சானைத் தெரியாது. நீங்கள் அவரிடம் போய்ச் சொல்லப்போவதில்லை. அவ்வளவுதான். உங்கள்மேல் மதிப்பு வைத்து அல்ல!

அவருடைய லைசன்ஸ் எப்போதோ திரும்பக் கிடைத்துவிட்டது. அவர் ஒருநாளும் கார் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் எடுப்பார். நேற்றும் எடுத்தார்.

"மச்சான், ஒரு யோசனை கேக்க வேணும். அந்த இல்லத்தில திரும்பவும் கேக்கினம். எனக்குப் பதிலா வந்தவன் விட்டிட்டுப் போட்டானாம். பழசை மறப்பம், நீங்கள் வாங்கோ எண்டு சொல்லினம்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"றோசி போகச் சொல்லுறாள். ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு. அந்தப் பாதை முழுக்க இறக்கம். ரெண்டில விட்டும் கார் நிக்கேல்லையே... கண்ணால கண்டம்தானே. நான் இவ்வளவு நாளும் நம்பினது ரெண்டாவது கியரைத்தான். அதுவும் பிடிக்காதெண்டால் எதை நம்பி அந்தச் சனங்களை ஏத்துறது? நீங்கள் லொறிக்காரன். சொல்லுங்கோ, போகட்டோ?"

கேட்டீர்களா? அந்த மனிதனின் பயத்துக்கு மருந்து என் வாய்க்குள் இருந்தது. 'மச்சான், கார் இரண்டில் இருக்கவில்லை.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதற்குமேல் ஒரு விளக்கமும் தேவையில்லை. போனில் முகம்கூடத் தெரியாது.

"பயமெண்டால் விடுங்கோ மச்சான்," என்றேன். "உங்களை நம்பி ஏறுற உயிர்களெல்லோ?"

அவருக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"சரி மச்சான். நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

புதன்கிழமை அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். இன்றைக்குத் திங்கள். அவருடைய இலக்கம் என் போனில் முதலாவதாக இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் கிடக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள்... எனக்கு என்னைத் தெரியும்.