அப்பா சிரித்த பொம்மைப் படம்

தொண்ணூற்றொன்றாம் வருஷம், பங்குனியில், எங்கள் அப்பாவுக்குப் பேச்சு போனது.

அதுவரைக்கும் அவர் பேச்சுக்கென்றே பேர் வாங்கிய மனுஷன். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் இருந்த, இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் வேலை. படப்பையிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ் எங்கள் சேரப்பணஞ்சேரி வழியாக ஒரகடம் போய் அந்தப் பக்கம் திரும்பும். அந்த பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்து சீட்டைப் பிடிக்கப் போட்டி நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சூப்பர்வைசர் மூக்கைச் சுருக்குவது, கேண்டீன்காரர் குழம்பில் காயைத் தேடுவது, எல்லாவற்றையும் அவரவர் குரலிலேயே செய்து காட்டுவார். வீட்டுக்கு வந்தால் அதே கதை எங்களுக்கும் உண்டு. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சிரிப்பாள். கதையைச் சொல்லி முடித்ததும் அப்பா எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எல்லோருக்கும் சிரிப்பு வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

அன்றைக்குக் காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறுவதை நான்தான் முதலில் பார்த்தேன். என்னப்பா என்று கேட்டேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அதற்குள் ரோட்டில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. தங்கை ஓடிப்போய்ச் சொல்ல, பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து அவரைத் தூக்கினார்கள். தினமும் கதை சொல்லிக்கொண்டு போன பஸ்ஸிலேயே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து சென்னைப் பெரியாஸ்பத்திரி.

உயிர் பிழைத்தது. வலது கை தொங்கியது, காலை இழுத்து நடந்தார். பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. "அதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், வலித்தாலும் அதான், யாராவது வந்தால் வாங்க என்பதற்கும் அதான். பேசுவது மட்டுமல்ல, கேட்பதும் அவருக்குக் கஷ்டமாகிவிட்டது. அங்கிருந்த ஒரு டாக்டரம்மா அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார்: காது நல்லாக் கேக்கும், ஆனா நீங்க பேசறது அவருக்குத் தெரியாத பாஷை மாதிரி இருக்கும், சில வார்த்தை புரியும், சிலது புரியாது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் என்னிடம், "அப்ப நான் இன்னா சொல்லி இவர எழுப்புறது, இன்னா சொல்லி சாப்புட வெக்கிறது?" என்று கேட்டாள்.

அந்தச் சித்திரையிலேயே நான் தாம்பரத்தில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மணிமங்கலம் வழியாகப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புவேன். தங்கை பள்ளிக்கூடம் போனாள். அம்மா மாட்டைப் பார்த்துக்கொண்டாள், அப்பாவையும் பார்த்துக்கொண்டாள். நாங்கள் நாலு பேரும் ஒன்றாக உட்காருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

வீட்டில் ஒரு சின்ன கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. உடம்பு நன்றாக இருந்த நாளில் அப்பா வாங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவருக்கு அது பிடிக்காமல் போயிற்று. தமிழ்ப் படம் போட்டால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். வாய்கள் அசைவதைப் பார்த்துப் பார்த்து முகம் வாடிவிடும். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். செய்தி வாசித்தாலும் அப்படித்தான். பேசியே வாழ்ந்தவருக்குப் பேச்சே எதிரியாகிவிட்டதென்று புரிந்துகொண்டு நாங்கள் டிவி போடுவதையே விட்டுவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் தூங்குகிறார் என்று நினைத்துத் தங்கை டிவியைப் போட்டாள். டெல்லி நிகழ்ச்சி ஓடும் நேரம். ஏதோ ஒரு பொம்மைப் படம் வந்தது. வெளிநாட்டுப் படம், இந்தியில் பேசியது. எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் இந்தியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அதனால் அதன் பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு குண்டு அப்பா, ஒட்டடைக் கம்பு மாதிரி ஒரு அம்மா, மூன்று பிள்ளைகள், வீட்டுக்குள் அதிகாரம் செய்துகொண்டு திரியும் ஒரு வாத்து. அன்றைக்கு அந்தக் குண்டு அப்பா ஒழுகும் குழாயைச் சரிசெய்யக் கிளம்பினார். குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்து, அந்த அம்மாவின் கொண்டையை நனைத்து, நாற்காலி மேசையெல்லாம் மிதந்து, கடைசியில் வாத்து சோபாவில் உட்கார்ந்து வாசல் வழியாகப் படகு விட்டுக்கொண்டு போனது.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையில் எதுவோ சிக்கின மாதிரி. நான் பயந்து திரும்பினேன். அம்மா கை மாவோடு சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். மறுபடி இழுக்கிறது என்றுதான் அவளும் நினைத்திருக்கிறாள். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததால் சிரிப்பு எங்களுக்குச் சிரிப்பாகத் தெரியவில்லை. கண்ணைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. இடது கையால் டிவியைக் காட்டி, "அதான், அதான்" என்றார். பிறகு எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுதாள். அழுகிறாள் என்று அவருக்குத் தெரியக்கூடாதென்று டிவியைப் பார்த்தபடியே அழுதாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா விடியும்போதே எழுந்துவிடுவார். அம்மா அவருக்கு முகம் மழித்து, குளிக்க வார்த்து, வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்காரவைப்பாள். முதலில் அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் எட்டிப் பார்ப்பார்கள், புள்ளைங்க பாக்குற பொம்ம படத்த இவ்ளோ பெரிய ஆம்பள பாக்குறாரே என்று பேசுவார்கள் என்று கதவை ஒருக்களித்து வைப்பாள். போகப்போக அவளே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள். அந்தக் குண்டு அப்பா ஒவ்வொரு வாரமும் வீட்டில் ஒன்றைச் சரிசெய்யப் போவார். வீடே இடிந்து விழும். அவர் கத்துவார், அந்த அம்மா பதிலுக்குக் கத்துவாள், பிள்ளைகள் மேசைக்கடியில் ஒளிந்துகொள்வார்கள். கடைசியில் இடிந்த வீட்டுக்கு நடுவில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

"இன்னா பேசறானுங்கன்னு தெரியல, அவ்ளோதான். மத்தபடி நம்ம வூட்ல நடந்ததுதான்" என்றாள் அம்மா ஒரு நாள். நடந்தது என்றாள், நடக்கிறது என்று சொல்லவில்லை.

அந்தப் படத்தில் அப்படி என்ன இருந்தது என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அந்த அரை மணி நேரம் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றுதான். பேசுவது எனக்கும் புரியாது, அம்மாவுக்கும் புரியாது, அப்பாவுக்கும் புரியாது. இன்னும் சொன்னால் அப்பாதான் எங்களுக்கு முன்னால் சிரிப்பார். ஏணி சரியப்போவதை, வாத்து முறைப்பதை, அவர் கண் எங்களுக்கு முன்பே பிடித்துவிடும். எங்கள் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பது போலப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் பழைய ஆள். இன்னொன்றும் உண்டு. அந்தக் குண்டு அப்பா கூரையிலிருந்து விழுந்தாலும் எழுந்து தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொள்வார். போன வாரம் இடிந்த வீடு இந்த வாரம் முழுசாக நிற்கும். எங்கள் வீட்டில் போன வாரம் விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. அதனால்தானோ என்னவோ நாங்கள் அதை அப்படிப் பார்த்தோம்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, பஸ்ஸில் அப்பாவோடு போய்வந்த நண்பர் ஒருவர் பார்க்க வந்தார். செவிடரிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசினார். எப்டிண்ணா கீற, மாத்திர சாப்புடறியா, நம்ம செக்‌ஷன்ல எல்லாரும் விசாரிச்சாங்க என்றார். அப்பாவுக்கு முகம் மங்கிக்கொண்டே வந்தது. படம் ஆரம்பித்ததும் நண்பரின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். அன்றைக்குக் குண்டு அப்பா கட்டிலுக்குக் கால் மாற்றப் போய்க் கட்டிலோடு மாடியிலிருந்து தெருவுக்கு வந்துவிட்டார். அப்பா சிரித்துச் சிரித்து நண்பரின் தொடையில் தட்டினார். அவரும் சிரித்தார்.

கிளம்பும்போது நான் வாசல்வரை போனேன். அவர் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தார்.

"பஸ்ல இப்ப எல்லாரும் தூங்கிக்கினு போறோம்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஆவணியில் அந்தப் படம் நின்றுபோனது. முன்னால் அறிவித்தார்களோ என்னவோ, அறிவித்திருந்தாலும் இந்தியில்தானே அறிவித்திருப்பார்கள். அந்த ஞாயிறும் அப்பா வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்துக்கு யாரோ நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். இது முடிந்ததும் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. அப்பா டிவியைக் காட்டி "அதான்" என்றார். தங்கை பொத்தானைத் திருகினாள். அப்பா கூரையைக் காட்டினார். ஆண்டெனாவில் கோளாறு என்கிறார் என்று புரிந்து, பயனில்லை என்று தெரிந்தும் தங்கை மேலே ஏறித் திருப்பினாள். நாலு பேரும் இன்னும் தெளிவாகத் தெரிந்தார்கள்.

படம் முடிந்துவிட்டது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? முடிஞ்சிடுச்சிப்பா என்றேன். புரியவில்லை. அம்மா முன்னால் வந்து நின்று, இனிமேல் இல்லை என்பதற்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அப்பா அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு இடது கையைத் தன் நெஞ்சின்மேல் வைத்து, "அதான்?" என்றார்.

அம்மாவுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "ஐயோ, உன்னச் சொல்லல. அந்த பொம்மயச் சொன்னேன்" என்று அவர் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அதுவும் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறும் விடியும்போதே எழுந்தார். தாடையைத் தடவிக் காட்டி மழிக்கச் சொன்னார். சட்டையைக் காட்டினார். நாங்கள் எல்லாம் செய்தோம். அந்த நாலு பேர் வந்து பேசினார்கள். அப்பா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார், இவர்களுக்குப் பின்னாலிருந்து அந்த வாத்து வந்துவிடும் என்பதுபோல. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. நாங்கள்தான் எதையோ செய்து அதை மறைத்துவிட்டோம் என்று நினைத்தாரோ, எங்கள் மேல் கோபம் வந்தது. தங்கை கொண்டுவந்த காப்பியைத் தட்டிவிட்டார்.

அப்போதுதான் அம்மா எழுந்தாள். டிவியை அணைத்தாள். அவருடைய துண்டை எடுத்துத் தலையில் கொண்டையாகச் சுற்றிக்கொண்டாள். தலையணையை வயிற்றில் சொருகி, அந்தக் குண்டு அப்பா நடப்பதுபோலப் பாதத்தை அகட்டி நடந்தாள். கூடத்தின் ஓரம் வரை போய், இல்லாத ஏணியில் ஏறுவதுபோல் செய்து, பொத்தென்று கீழே விழுந்தாள். எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, வாத்துபோல முறைத்தாள். எங்கள் அம்மா கல்யாண வீட்டில்கூடக் கூட்டத்தில் சத்தமாகப் பேசாதவள். நானும் தங்கையும் சிரிக்கவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் நின்றோம்.

அப்பா சிரிக்கவில்லை. அவளைக் கிட்டே வரும்படி கையசைத்தார். அவள் வந்து முன்னால் மண்டியிட்டாள். இடது கையால் அந்தத் துண்டை மெதுவாக அவிழ்த்து, கலைந்த அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். ஒரு கையால் அதைச் செய்ய அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி முன்னால் உட்காரவில்லை. மாட்டுக்கொட்டகைப் பக்கம் நாற்காலியைப் போடச் சொல்லி, அம்மா பால் கறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் அப்பாவுக்கு மறுபடி வந்தது. நான் கம்பெனியில் தையல் லைனில் இருந்தேன். சூப்பர்வைசர் வந்து வீட்டுக்குக் கிளம்பச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. மணிமங்கலம் ஏரிக்கரையில் தண்ணீர் ரோட்டுக்கு வந்து பஸ் நின்றுவிட்டது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து வேறு வண்டி பிடித்து வந்தேன். தெருமுனையிலேயே எங்கள் வீட்டின் முன்னால் கூட்டம் தெரிந்தது. ஷிப்ட் முடிந்து திரும்பிய கம்பெனி பஸ்ஸும் அங்கேயே நின்றிருந்தது. அதிலிருந்தவர்கள் யாரும் தத்தம் ஊருக்குப் போகாமல் மழையில் நின்றிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, மாசியோ பங்குனியோ, ஒரு ஞாயிறு. நானும் அம்மாவும் முறத்தில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். டிவி அணைந்துதான் இருந்தது. அம்மா திடீரென்று கேட்டாள்:

"அந்த குண்டு ஆளு எங்கனா வேலைக்குப் போனானாடி? அஞ்சு பேர் வவுறு, ஒரு வாத்து வேற. எப்ப பாத்தாலும் வூட்லயே இருந்தானே."

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. தெரியலம்மா என்றேன்.

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி வாசல் பக்கம் எறிந்தாள்.

"போயிக்கினுதான் இருந்திருப்பான்" என்றாள். "ஞாயித்துக்கெழம வூட்ல இருக்க சொல்லோதான் நமக்குக் காட்டினாங்க."