ஒரு காக்கி எண்பது வெள்ளி

கோவிட் அடங்கி, கோயிலில் மறுபடி தீமிதிக்க விட்டார்களே, அந்த வருஷம்தான் என் மகன் செமிலிங் பக்கம் எங்கள் ஆற்றோர நிலத்தில் ஜெட்டி, அதான் படகுத்துறை, கட்டக் கிளம்பினான். எனக்கு ஆறு என்றாலே ஆகாது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், முதலை கிடக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாலத்தைக்கூட ஓடித்தான் கடப்பேன். அது கிடக்கட்டும்.

மகனுக்குக் கூலிமில் ஃபேக்டரி வேலை. தூண்டில் போட வருகிறவர்கள் படகைக் கட்டிப்போட இடம் கொடுத்தால் காசு வரும் என்று தூண் மரங்களை வாங்கிப் போட்டுவிட்டான். அவற்றைச் சேற்றில் இறக்க ஒரு மலாய்க்காரக் கான்ட்ராக்டர் வந்தார். "ஒரு காக்கி எண்பது வெள்ளி" என்றார். வெள்ளி நம்ம ஊர் ரிங்கிட்; மலாயில் காக்கி என்றால் கால். பந்தலுக்குக் கால் நடுகிற நமக்கு வேறென்ன தோன்றும்?

"பன்னெண்டு கால்தானேப்பா, ஆயிரம் வெள்ளிக்குள்ள முடிஞ்சிரும்லா" என்று மகன் சிரித்தான்.

முதல் தூணின் தலையில் இரும்புக் குண்டு விழ விழ, அது சத்தமே இல்லாமல் இறங்கியது. ஆள் உயரம் போனது. வீட்டு உயரம் போனது. இன்னொரு மரத்தை மேலே ஒட்டி, அதையும் அடித்தார்கள். அடியில் தரையே இல்லையோ?

"இன்னும் எவ்ளோ போகும், அண்ணே?" மகன் மலாயில் கேட்டான்.

"கெட்டி மண் தட்டுற வரைக்கும். இப்பவே முப்பது காக்கி ஆச்சு."

"ஒரு காலுக்கு முப்பது காலா?"

கான்ட்ராக்டர் அளவு நாடாவை நீட்டிக் காட்டினார். அப்போதுதான் உறைத்தது. காலுக்கு மட்டுமில்லை, நீளம் அளக்கிற அடிக்கும் மலாயில் காக்கிதான் பெயர்.

வேலையை நிறுத்தச் சொன்னேன். அந்த ஒரு தூணுக்கே மோட்டார் சைக்கிளை விற்றான்; இப்போது கம்பெனி பஸ்ஸில் போகிறான். அதோடு விட்டது என்று நினைத்தேன். போன வாரம் வீட்டுக் கெரானை, அதான் பத்திரத்தை, கேட்கிறான்.

"பேங்க்ல வச்சா மிச்சக் காலையும் இறக்கிரலாம்ப்பா. ஒத்தக் கால் ஜெட்டின்னு பயலுங்க சிரிக்கிறானுங்க."

"எவ்ளோ போகும்னு அந்தாளுக்கே தெரியலையேடா!"

"சும்மா பயப்படாதீங்க."

பயம்தான். அந்த வீட்டுக்குள் என் மனைவி, மருமகள், இரண்டு பேத்திகள். பத்திரத்தை இன்றைக்கு அரிசிப் பானையில் வைத்திருக்கிறேன், நாளைக்கு எங்கேயோ. நான் சொன்னால் அவன் காதில் ஏறாது. அவனோடு பஸ்ஸில் போகிறவர்கள் யாராவது இதைக் கேட்டால், கிழவன் சொன்னான் என்று சொல்லாமல் சொல்லுங்கள்: வீட்டை மட்டும் அந்தச் சேற்றில் இறக்க வேண்டாம்.