என் மொழியில் ஒரு புது வார்த்தை

போன வாரம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். பயப்பட வேண்டாம், நலமாகவே இருக்கிறேன். தையல் ஏழு. டாக்டர் ஆறு என்றார். நான் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் விஷயம் தையல் அல்ல. மயக்கம் தெளிந்தபோது நடந்த கூத்து.

பம்பாய் செம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் கண் திறந்ததும் டாக்டர் இந்தியில் பெயர் கேட்டாராம். நான் ஏதோ சொன்னேனாம். நர்ஸ் மலையாளத்தில் கேட்டாராம். அதற்கும் ஏதோ. கடைசியில் என் மகன் ரவி குனிந்து, "அப்பா, நான் யாருப்பா?" என்றிருக்கிறான்.

"லுமே தாகு. சோப்பி நெரு."

இதுதான் என் பதில்!

"டாக்டர் சாப், யே ஹமாரி பாஷா நஹி ஹை!" எங்கள் பாஷையே இல்லை என்று ரவி கத்தியிருக்கிறான், கண்ணில் தண்ணீரோடு. டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. பக்கவாதமாக இருக்கலாம், உடனே தலைக்கு ஸ்கேன் என்று சொல்ல, ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உளறவில்லை. அது ஒரு மொழி. நானே உண்டாக்கியது.

எதற்கு? யாருக்காக? யாருக்காகவும் இல்லை! கல்யாணமான புதிதில் மாட்டுங்காவில் ஒரே அறையில் ஏழு பேர் இருந்தோம். ஆபீஸ் போகும் லோக்கல் ரயிலில் என் பேப்பரை என்னோடு நாலு பேர் படிப்பார்கள். பம்பாயில் தனி அறை கட்டிக்கொள்ள யாரால் முடிந்தது? நான் ஒரு மொழி கட்டிக்கொண்டேன். ரயிலில் நின்றபடியே... தாதர் வருவதற்குள் ஒரு வார்த்தை, பைகுல்லா தாண்டுவதற்குள் இன்னொன்று.

வினைச்சொல்லுக்கு நாலு காலம். நாலாவது, 'நடந்திருக்க வேண்டும், இன்னும் நடக்கவில்லை' என்பதற்கு. முனிசிபாலிட்டி தண்ணீரைப் பற்றிப் பேச அதைவிட வசதி வேறு மொழியில் உண்டா? வார்த்தைகள் மொத்தம் ஆயிரத்து இருநூற்று ஆறு. பேசுகிறவர் ஒருவர்.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஸ்ட்ரெச்சரை வாசல்வரை தள்ளியபோது, கேன்டீனிலிருந்து என் மனைவி கமலா ஃபிளாஸ்க்கோடு வந்தாள்.

"எங்கேடா கொண்டு போறா அப்பாவை?"

"ஸ்கேனுக்கும்மா. அப்பா என்னென்னமோ உளறறார்..."

நான் மறுபடி அதையே சொன்னேனாம். கமலா சிரித்துவிட்டாள்.

"போடா அசடு! தண்ணி கேக்கறார். ஃபேனை நிறுத்தச் சொல்றார். வேறென்ன?"

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"முப்பது வருஷமா என் முதுகுக்குப் பின்னாடி முணுமுணுக்கறாரே! காஸ் சிலிண்டர் தீர்ந்தா ஒண்ணு, மழையில துணி காயலேன்னா ஒண்ணு. எனக்குக் காது இல்லையா?"

டாக்டர் லேசுப்பட்டவர் இல்லை. அந்த மொழியிலேயே பெயரைக் கேட்கச் சொன்னார். கமலா கேட்டாள். நான் பெயர், வயது, கட்டில் நம்பர் எல்லாம் சொன்னேனாம். கமலா சொல்லச் சொல்ல டாக்டர் கேஸ் பேப்பரோடு ஒத்துப் பார்த்தார். கை, கால், முகம் எல்லாம் சோதித்தார். எல்லாம் சரி. ஸ்ட்ரெச்சர் திரும்பிப் போய்விட்டது.

பெருமைப்படக் கூடாதா, சொல்லுங்கள். பாதி மயக்கத்தில் ஒருவன் ஜம்பத்துக்காகப் பேச முடியாது. தமிழ், இந்தி, இங்கிலீஷ் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நான் செய்த மொழி முதலில் வந்து நின்றிருக்கிறது! அதைவிடப் பெருமை, அதைப் புரிந்துகொள்ள வெளியே ஒரு ஆள் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், மாத்திரை அட்டையில் ஒன்று குறைகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். கமலா சமையலறையிலிருந்து, "குருபுட்டா!" என்றாள்.

"அது என்ன? அப்படி ஒரு வார்த்தையே கிடையாதே?"

"இருக்கு. நான் போட்டது. நாலஞ்சு வருஷம் ஆச்சு."

"யாரைக் கேட்டுண்டு போட்டே? சரி, அர்த்தம்?"

"எல்லாத்தையும் எண்ணிண்டு, எண்ணி முடிச்சப்புறமும் தொணதொணக்கற மனுஷன்."

திருத்திக்கொள்கிறேன். பேசுகிறவர்கள் இருவர், வார்த்தைகள் ஆயிரத்து இருநூற்று ஏழு.